கேற்றில் ஒரு கமெரா பெல்: திருகோணமலை வீட்டுக்கு எது சரிவரும்?

டாப்போ டி230எஸ்1 என்ற கமெரா பெல்லை எங்கள் வீட்டுக் கேற்றில் பொருத்தி ஒரு கச்சான் காலமும் ஒரு மாரியும் போய்விட்டன. வயதான தாய் தகப்பனைப் பகலில் தனியே விட்டுவிட்டு வேலைக்குப் போகிற எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதை மனதாரச் சொல்வேன். பெட்டியில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் 2கே படம், 5 மெகாபிக்சல் எல்லாம் எனக்கு இரண்டாம் பட்சம். இப்போது வருகிற ஓரளவு நல்ல பெல் எதிலும் வந்தவரின் முகம் தெரியும்.

நான் முதலில் பார்த்தது பெல் எங்கே அடிக்கும் என்பதைத்தான். எங்கள் வீடு கோட்டைப் பக்கம் ஓர் ஒழுங்கையில் இருக்கிறது. கேற்றைத் தாண்டினால் முற்றம், பிறகு விறாந்தை, எல்லாவற்றுக்கும் பின்னால் குசினி. அம்மா குசினியில் நிற்பா, அவவின் போன் சாமி அறை மேசையில் கிடக்கும். பல கமெரா பெல்கள் போனில் மட்டும்தான் அடிக்கும். வீட்டுக்குள் சத்தம் கேட்க வேண்டுமென்றால் அதற்கொரு பெட்டியைத் தனியே வாங்க வேண்டும். இதனுடன் எச்200 என்ற ஹப், அதாவது பெல்லோடு இணைந்து வீட்டுக்குள் மணி அடிக்கிற ஒரு சின்னப் பெட்டி, கூடவே வருகிறது. அதைக் குசினி அலுமாரியின் மேல் வைத்துவிட்டேன். கேற்றில் பொத்தானை அமத்தினால் அம்மாவின் தலைக்கு மேலே மணி அடிக்கும். அதே நேரம் வேலையிடத்தில் என் போனிலும் ஆள் தெரிவார். "அம்மா வாறா, கொஞ்சம் நில்லுங்கோ" என்று அங்கிருந்தே சொல்லிவிடுவேன். கறண்ட் மீற்றர் பார்க்க வருபவர், காஸ் கொண்டு வருபவர், கோயில் திருவிழாவுக்குப் பற்றுச்சீட்டுப் புத்தகத்துடன் வருபவர்கள் என்று எல்லோரும் இப்போது பொறுத்து நிற்கிறார்கள். முழங்கால் வருத்தத்துடன் அம்மா ஓடி வர வேண்டியதில்லை. எனக்கு இது ஒன்றே காசுக்குப் போதும்.

லண்டனில் இருக்கும் அண்ணா ரிங் என்ற கம்பனியின் கமெரா பெல் ஒன்று அனுப்புகிறேன் என்று நின்றார். வெளிநாட்டில் சொந்தக்காரர் இருக்கிற எல்லா வீட்டிலும் இந்தப் பேச்சு வரும் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அங்கே வயரில் ஓடுகிற பெல்லுக்கு ட்ரான்ஸ்ஃபோமர் வைத்துக் குறைந்த வோல்ட் கொடுக்கிறார்கள். ரிங்கின் வயர் மொடல் 24 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. எங்கள் பழைய வீடுகளில் கேற்றில் இருக்கிற பெல் சுவிட்ச்சுக்கு 230 வோல்ட் நேரே வரும். பழைய சுவிட்ச்சைக் கழற்றிவிட்டு அதே வயரில் இதைக் கொழுவினால் பெல் எரிந்துபோகும். கொழுவுகிற ஆளுக்கும் ஆபத்து. வயர் மொடல்தான் வேண்டுமென்றால் ட்ரான்ஸ்ஃபோமரையும் சேர்த்து வாங்கி, வயரிங் தெரிந்தவரைக் கொண்டு செய்வியுங்கள். இல்லையென்றால் பற்றரி மொடலே நல்லது.

அடுத்தது மாதக் காசு. 2018ல் அமேசன் வாங்கிய கம்பனிதான் ரிங். சந்தா கட்டாவிட்டால் அதில் நேரலையாகப் பார்க்கலாம், பேசலாம், ஆனால் வீடியோ பதிவாகாது. ரூபாயில் சம்பளம் எடுக்கிறவர்கள் ஒரு பெல்லுக்காக மாதா மாதம் பவுணிலோ டொலரிலோ கட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. வீடியோ யாருடைய கணினியில் கிடக்கிறது என்பதும் எனக்கு முக்கியம். வாடிக்கையாளரின் வீடியோக்களை ஊழியர்கள் பார்க்க விட்டார்கள் என்ற குற்றச்சாட்டில் 2023ல் ரிங் அமெரிக்காவில் 5.8 மில்லியன் டொலர் கட்ட ஒப்புக்கொண்டது. வீட்டுக்குள்ளேயே சேமிக்கிறோம் என்று விளம்பரம் செய்த யூஃபி என்ற இன்னொரு கமெரா கம்பனியும், சின்னப் படங்களைத் தன் சேர்வருக்கு அனுப்பியது 2022 இறுதியில் வெளியே வந்தது. அதனால் எந்தக் கம்பனியையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பச் சொல்ல மாட்டேன். கடினமான பாஸ்வேர்ட் வையுங்கள், பாஸ்வேர்டுக்கு மேல் இன்னொரு குறியீட்டையும் கேட்கிற இரண்டு படிச் சரிபார்ப்பையும் போடுங்கள்.

நான் வாங்கியதில் மெமரி கார்ட் ஹப்புக்குள் போகிறது, அதாவது வீட்டுக்குள். கார்ட் பெல்லுக்குள்ளேயே இருக்கிற மொடல்களும் உண்டு. மதிலில் இருக்கிற பெல்லை யாராவது பிடுங்கிக்கொண்டு போனால் ஆதாரமும் அதோடு போய்விடும். மதில் ஓரம் ஆள் நடமாட்டம் இல்லாத ஒழுங்கைகளில் இந்த வித்தியாசம் பெரிது.

கொழும்பில் இருந்து தபாலில் வருகிற, பெயர் தெரியாத மலிவான பெல்களையும் பார்த்தேன். எந்த நாட்டுக் கம்பனி, செயலிக்கு யார் பொறுப்பு என்று விற்பவருக்கே தெரியவில்லை. விட்டுவிட்டேன்.

வாங்குவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். கேற்றைப் பூட்டிவிட்டு வெளியே நின்று, வீட்டு வைஃபையில் யாரையாவது வீடியோ கோலில் கூப்பிடுங்கள். படம் நின்று நின்று வந்தால் எந்த பெல் வாங்கினாலும் அப்படித்தான் வரும். இந்த பெல்களில் அநேகம் 2.4 கிகாஹேட்ஸ் அலையில் வேலை செய்கின்றன. அது 5 கிகாஹேட்ஸை விடத் தூரம் போகும், ஆனால் தகரம் அடித்த கேற்றும் கொங்கிரீட் மதிலும் அதையும் மறிக்கும். எங்கள் றூட்டரைப் பின்னறையிலிருந்து முன் ஜன்னலுக்கு மாற்றிய பிறகுதான் படம் ஒழுங்காக வந்தது.

இனி எங்கள் ஊர் வெயில். கச்சான் காற்று வீசும் மாதங்களில் மத்தியானம் 35 பாகையைச் சாதாரணமாகத் தாண்டும். பற்றரி பெல்களில் பெரும்பாலானவை ஆளின் உடற்சூட்டுக்கும் சுற்றியுள்ள சூட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்துத்தான் ஆள் வந்ததைக் கண்டுபிடிக்கின்றன. இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாகிவிட்டால் உணர்வு மந்தமாகும். மத்தியானக் காவலுக்கு இந்த வகை பெல்லை மட்டும் நம்பாதீர்கள். பொத்தானை அமத்தினால் எந்த வெயிலிலும் அடிக்கும், அதில் பயமில்லை. அதைவிட, நேர் வெயிலில் கிடந்தால் பற்றரி கெதியாகக் கிழடு தட்டும். எங்கள் கேற் மேற்குப் பார்த்தது என்பதால் தூணின் உட்பக்க நிழலில் பூட்டி, மேலே சின்னத் தகரக் கூரையும் அடித்தோம். மாரி மழைக்கும் அதுவே மறைப்பு. கூட வருகிற ஆணிகளை நம்பாமல் துருப்பிடிக்காத எவர்சில்வர் ஸ்குரூ வாங்கிப் போடுங்கள். கடற்காற்று இரும்பை என்ன செய்யும் என்று இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை.

இரவில் எங்கள் ஒழுங்கைக்கு மான்கள் வரும். கோட்டைப் பக்கத்துப் புள்ளிமான்கள், மதிலோரப் புல்லைத் தேடி. எல்லா அசைவுக்கும் அறிவிப்பு என்று வைத்தால் இரவு முழுக்கப் போன் கத்தும். ஆட்களுக்கு மட்டும் என்று மாற்றியதும் அடங்கிவிட்டது. அந்த வசதிக்கு இதில் தனிக் காசு இல்லை. மான் நடந்துபோகும் வீடியோக்களை அண்ணாவின் பிள்ளைகளுக்கு அனுப்புவேன், அவர்களுக்கு அதில் அவ்வளவு சந்தோஷம்.

முன்வீட்டு அக்கா ஒரு நாள் வந்து, "பிள்ளை, எங்கட கிணத்தடியும் இதில தெரியுதோ?" என்று கேட்டா. ஓரமாகத் தெரிந்தது. அன்றே பெல்லைச் சரித்துப் பூட்டி, போனில் படத்தை அவவுக்கே காட்டினேன். கமெரா வைக்கிறவர்கள் அயலுக்குச் செய்ய வேண்டிய மரியாதை இது. அவர்கள் கேட்பதற்கு முன்பே செய்துவிட்டால் இன்னும் நல்லது.

கறண்ட் போனால் பெல்லில் பற்றரி இருக்கும், ஆனால் றூட்டரும் ஹப்பும் நின்றுவிடும். 2022ல் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் கறண்ட் வெட்டியதை மறக்க முடியுமா? றூட்டருக்கும் ஹப்புக்கும் என்ன வோல்ட் என்று பார்த்து கறண்ட் போனாலும் அவற்றை ஓட வைக்கிற சின்னப் பற்றரிப் பெட்டியான மினி யூபிஎஸ் ஒன்று வாங்கி வையுங்கள். பெல்லுக்குக் காசு ஒதுக்கும்போதே இதையும், மெமரி கார்ட்டையும் சேர்த்து ஒதுக்க வேண்டும். கடையில் உத்தரவாத அட்டையில் சீல் குத்தித்தானா தருகிறார்கள் என்று பாருங்கள். பற்றரி போனால் மாற்றித் தருவார்களா என்றும் கேளுங்கள், ஏனென்றால் இந்த வெயிலில் முதலில் களைப்பது அதுதான்.