ஃபிஷ் ஷெல்: ஸ்பேஸ் தட்டினால் விரிகிற சுருக்கங்கள்

டெர்மினலில் நாம் அடிக்கிற கமாண்டுகளை வாங்கி ஓட்டுகிற புரோகிராம்தான் ஷெல். அதில் ஒன்றான பாஷில் பல வருடம் ஏலியாஸ் (நீளமான கமாண்டுக்கு நாமே வைக்கிற குட்டிப் பெயர்) வைத்தே வேலை பார்த்தவன் நான். ஒருநாள் வாடிக்கையாளர் ஒருவருடைய சர்வரில் லாக் பார்க்க, வழக்கமாக அடிக்கிற ஜேஎல் என்ற இரண்டு எழுத்தை அடித்தேன். அப்படி ஒரு கமாண்டே இல்லை என்றது. என் ஏலியாஸ் எல்லாம் என் லேப்டாப்பில்தானே இருக்கிறது! அதற்குப் பின்னால் இருந்த, லாக் காட்டுகிற ஜர்னல்சிடிஎல் கமாண்டின் ஆப்ஷன்கள் சுத்தமாக நினைவுக்கு வரவில்லை, சர்வீஸ் படுத்துக் கிடக்கிறது, பக்கத்தில் நான்கு பேர் நிற்கிறார்கள். அந்த வாரமே ஃபிஷ் ஷெல்லுக்கு மாறினேன்.

ஃபிஷிலும் ஏலியாஸ் உண்டு, உள்ளுக்குள் அது ஒரு ஃபங்ஷனாக மாறிவிடும், அவ்வளவுதான். நான் மாறியதற்குக் காரணம் ஏபிபிஆர் என்கிற கமாண்ட். ஜிஎஸ் என்றால் கிட் ஸ்டேட்டஸ் (கிட் என்பது ஃபைல்களின் மாற்றங்களைப் பதிவு செய்து வைக்கும் கருவி) என்று அதில் சொல்லி வைத்துவிட்டால், ஜிஎஸ் அடித்து ஸ்பேஸ் தட்டியதும் அந்த இரண்டு எழுத்து மறைந்து முழு கமாண்டும் அதே இடத்தில் வந்து நிற்கும். என்ட்டர் தட்டுவதற்கு முன் பார்க்கலாம், ஆப்ஷன் சேர்க்கலாம், திருத்தலாம். ஹிஸ்டரியிலும் முழு கமாண்டே பதிவாகிறது, அதனால் ஆறு மாதம் கழித்துத் தேடினாலும் என்ன ஓடியது என்று தெரிகிறது. தினமும் முழு வரியும் கண்ணில் படுவதால் அது மனதில் பதிந்தும் விடுகிறது. இப்போது எந்த சர்வரில் உட்கார்ந்தாலும் ஜர்னல்சிடிஎல் தானாக விரலுக்கு வருகிறது. விரிய வேண்டாம் என்றால் கண்ட்ரோலோடு சேர்த்து ஸ்பேஸ் தட்டினால் போதும்.

2023 ஜனவரியில் வந்த 3.6 பதிப்பில் இது இன்னும் நன்றாக ஆனது. கர்சர் எங்கே நிற்க வேண்டும் என்றுகூடச் சொல்லலாம்: நான் ஜிசி அடித்தால் கிட் கமிட் வரி விரிந்து, இரண்டு மேற்கோள் குறிகளுக்கு நடுவில் கர்சர் வந்து நிற்கும், நேராக மெசேஜ் அடிக்க வேண்டியதுதான். கமாண்டின் ஆரம்பத்தில் மட்டும் இல்லாமல் சூடோவுக்கு (நிர்வாகி அனுமதியோடு ஓட்டும் கமாண்ட்) பின்னால், வரியின் நடுவில் என்று எங்கே வேண்டுமானாலும் விரியும்படி வைக்கலாம். ரஸ்ட் என்ற புரோகிராமிங் மொழியில் திருப்பி எழுதப்பட்டு 2025 பிப்ரவரியில் வந்த 4.0-ல், கிட் என்ற வார்த்தைக்குப் பிறகு சிஓ வந்தால் மட்டும் செக்அவுட் ஆகட்டும் என்றும் சொல்லலாம், இது எனக்கு ரொம்பப் பிடித்தது.

குறையும் உண்டு. ஃபிஷ் பாஷ் மாதிரி கிடையாது. இணையத்தில் இருந்து எடுத்து ஒட்டுகிற பாஷ் ஃபார் லூப் அப்படியே ஓடாது, பாஷின் செட்டிங் இருக்கும் பழைய பாஷ்ஆர்சி ஃபைலையும் ஏற்காது. (முதல் வரியில் பாஷ் என்று குறித்திருக்கும் ஸ்கிரிப்டுகள் வழக்கம்போல ஓடும், பயம் வேண்டாம்.) அதனால் லாகின் ஷெல்லாக பாஷையே வைத்துக்கொண்டு, டெர்மினல் ஆப்பில் மட்டும் ஃபிஷ் திறக்கும்படி வைத்திருக்கிறேன். அப்புறம் ஒன்று, 3.6-க்கு முன்னால் சுருக்கங்கள் தானாகவே சேமிக்கப்பட்டன, இப்போது கான்ஃபிக் ஃபைலில் நாமே எழுதி வைக்க வேண்டும். முதலில் எரிச்சலாக இருந்தது, ஆனால் அந்த ஃபைலை கிட்டில் போட்டு வைத்தால் புது லேப்டாப்பில் ஐந்து நிமிட வேலை.

போடுகிறவர்கள் பதிப்பை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். உபுண்டு 22.04-ல் ஏப்ட் (அதிலேயே இருக்கிற சாஃப்ட்வேர் நிறுவும் கருவி) மூலம் போட்டால் 3.3 தான் வரும், கர்சர் வசதி அதில் கிடையாது. ஃபிஷ் குழுவே நடத்துகிற சாஃப்ட்வேர் களஞ்சியமான பிபிஏவைச் சேர்த்துவிட்டுப் போடுங்கள்.