எல்298என்னா, டிபி6612-ஆ?

இரண்டுமே டிசி மோட்டாரை ஓட்டும் டிரைவர் சிப்கள். இரண்டுமே எச்-பிரிட்ஜ்தான், அதாவது மோட்டாரில் மின்னோட்டத்தின் திசையை மாற்றித்தரும் சுவிட்சுச் சுற்று. இரண்டு உள்ளீட்டுப் பின்களின் ஹை, லோ நிலையை மாற்றினால் மோட்டார் திரும்பிச் சுற்றும். பிடபிள்யூஎம் (வேகமாக ஆன்-ஆஃப் ஆகும் சிக்னல்) கொடுத்தால் வேகம் கூடும், குறையும். வித்தியாசம் உள்ளே இருக்கிறது.

எல்298என் பழைய பைபோலார் டிரான்சிஸ்டர் வகை. 1 ஆம்பியர் ஓடும்போதே சுமார் 2 வோல்ட்டை விழுங்கி வெப்பமாக்கிவிடும். 6 வோல்ட் பேட்டரி போட்டால் மோட்டாருக்குக் கிடைப்பது 4 வோல்ட்தான். அதன்மேல் பெரிய ஹீட்சிங்க் (வெப்பத்தை வெளியேற்றும் உலோகத் துண்டு) இருப்பது அதற்காகவே. டிபி6612-இல் இருப்பது மாஸ்ஃபெட் என்ற வேறுவகை டிரான்சிஸ்டர். அதே மின்னோட்டத்தில் இழப்பு அரை வோல்ட் அளவே. பேட்டரியில் ஓடும் சின்ன ரோபோ வண்டிக்கு நான் இதைத்தான் சொல்வேன். ஸ்டேண்ட்பை பின்னுக்கு மட்டும் மறக்காமல் ஹை கொடுங்கள், இல்லாவிட்டால் மோட்டார் அசையாது.

ஆனால் டிபி6612-இன் உச்சவரம்பு 15 வோல்ட், தொடர்ச்சியாக 1.2 ஆம்பியர். 24 வோல்ட் மோட்டார் என்றால் எல்298என் பக்கம்தான் போகவேண்டும்.