தறியா, பனியனா, துண்டா: ஓராள் அபத்த நாடகத்துக்கு எந்தக் கரு?

ஒரே நடிகர், நாற்பது நிமிடம், அபத்த நாடகம்; அதாவது காரண காரியத்துக்குக் கட்டுப்படாமல் போகிற நாடகம். கொங்குப் பக்கத்து ஊர்களில் போடுவதற்காக யோசித்ததில் மூன்று கருக்கள் தேறின.

பனியனைச் சீக்கிரம் முடித்துவிடலாம். திருப்பூரில் செக்கிங் மேசை முன்னால் ஒருவர், மடிக்கிற ஒவ்வொரு பனியனையும் ஆளாக நினைத்துப் பேசுகிறார். பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் கண்ணுக்குத் தெரியாத விருந்தாளிகளுக்கு நாற்காலி போட்டுக்கொண்டே போவதை பிரெஞ்சு நாடக ஆசிரியர் அயனெஸ்கோ 1952-லேயே மேடையேற்றிவிட்டார். நாற்காலி இருந்த இடத்தில் பனியன், அவ்வளவுதான். இருநூறு பனியனைப் பஸ்ஸில் தூக்கிப் போவதும் கஷ்டம்.

தறி இதைவிடப் பலமானது. சோமனூர், பல்லடம் பக்கத்து விசைத்தறிக் கூடங்களில், குறுக்கு நூலை இழுத்துக்கொண்டு நாடா ஓடும் சத்தத்தில் பேச்சு கேட்காது. காதோரம் கத்த வேண்டும், இல்லாவிட்டால் சைகை. கரண்ட் போகிறது. சத்தம் நின்ற பிறகும் இவர் மட்டும் "சோறு உண்டாச்சுங்களா?" என்று கத்திக்கொண்டே இருக்கிறார். அந்த ஒரு நிமிடத்துக்காகவே இதை விட மனசில்லாமல் இருந்தேன். அபத்த நாடகத்தின் இன்னொரு பெரிய ஆசிரியரான பெக்கெட் 1958-ல் ஒரு கிழவரோடு டேப் ரெக்கார்டரை இரண்டாவது ஆள்போல வைத்தார். தறியும் அப்படி நிற்கும். ஆனால் தறி என்றதும் நம் ஊர்க்காரர் மனதில் கூலியும் கடனும்தான் வரும். வரத்தான் வேண்டும். அந்த வலியை அபத்தமாக்க எனக்குக் கை வரவில்லை. அதற்கு நேரான நாடகம் ஒன்று தனியாக எழுத வேண்டும்.

துண்டுக்கு அந்தச் சுமை இல்லை. மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். ஒரு விரல் நூறா, ஆயிரமா என்பது அந்த இரண்டு பேருக்குத்தான் தெரியும். மேடையில் இரண்டு கையும் ஒருவருடையதே: வலது கை வாங்குகிறது, இடது கை விற்கிறது. காங்கேயம் மாடு கடைசிவரை வருவதில்லை. வலது கை கெஞ்சும், இடது கை கோபித்துக்கொண்டு வெளியே வரும், அவரே அதைச் சமாதானம் செய்து உள்ளே அழைப்பார். ஒருவரே பலராவது இங்கே புதிதில்லை. கொங்கு நாட்டுக் கதைப்பாடலான அண்ணன்மார் கதையை உடுக்கையடித்துப் பாடுபவர் பொன்னராகவும் சங்கராகவும் தங்காளாகவும் மாறுவதை ராத்திரி முழுக்க உட்கார்ந்து கேட்ட ஊர்கள் இவை.

சரி, துண்டுதான். முடிவுக்கு இரண்டு வழி தெரிகிறது. துண்டை உதறினால் உள்ளே கைகள் பிரிய மறுத்து இறுகியிருப்பது ஒன்று. முன்வரிசையில் ஒருவரை அழைத்து, துண்டுக்குள் அவர் விரலை மட்டும் பிடித்து விலையைச் சொல்லி அனுப்பிவிடுவது இன்னொன்று. முதலில் இரண்டாவதை ஒத்திகை பார்க்கப்போகிறேன்.