பாட்டுக்குத் தனி பட்டன் இருக்கு அங்கிள்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் காது மிஷின் வாங்க நினைப்பவர்கள், அதுவும் வீட்டில் பாட்டுக் கேட்பதற்காக வாங்குபவர்கள், காசைக் கொடுக்குமுன் இதைப் படித்துவிடுங்கள்.

செம்பனை ஆலையில் பாய்லர் பக்கம் 30 வருடம் நின்றவன் நான். காது போனதில் ஆச்சரியமில்லை. போன வருடம் எங்கள் தாமான் (குடியிருப்பு) மண்டபத்தில் 'இலவசச் செவிப் பரிசோதனை' என்று மேசை போட்டார்கள். தலைக்கு மேல் காற்றாடி சுற்ற, வெளியே மோட்டார் சைக்கிள் இரைய, கைப்பேசியில் நாலு 'பீப்' கேட்க வைத்தார்கள். ஐந்தே நிமிடம். காதுக்குள் விளக்கடித்துக்கூடப் பார்க்கவில்லை.

"பாட்டுக் கேட்க முடியுமா தம்பி?"

"முடியும் அங்கிள். இந்தப் பட்டனைத் தட்டினா மியூசிக் புரோகிராம்."

இரண்டு காதுக்கும் 3,800 வெள்ளி (ரிங்கிட்). இ.பி.எஃப் சேமநிதிப் பணம்.

வீட்டில் பேச்சு நன்றாகவே கேட்டது, பொய் சொல்லக் கூடாது. ஆனால் புல்லாங்குழல் வைத்தால், நீட்டிப் பிடிக்கும் ஸ்வரமெல்லாம் காய்ச்சல்காரன் குரல் மாதிரி நடுங்கியது. தம்புரா இரண்டு வினாடி கேட்கும், அப்புறம் தேய்ந்து காணாமல் போகும். தவில் ஓங்கி விழுந்தால் கரகரப்பு. பட்டனைத் தட்டினால் இரண்டு முறை 'டிங் டிங்'. வேறு மாற்றமே இல்லை. போன் செய்தேன். "போகப் போகப் பழகிடும் லா அங்கிள்." மூன்றாவது தடவைக்குப் பிறகு போனை எடுக்கவே இல்லை.

மகள் என்னை ஈப்போவில் ஒரு செவியியல் நிபுணரிடம் கூட்டிப் போனாள். அந்தப் பெண் முதலில் காதைச் சுத்தம் செய்து, சத்தம் புகாத அறையில் சோதித்தார். பிறகு மிஷினை ஒரு சோதனைப் பெட்டிக்குள் வைத்துப் பார்த்தார். இரண்டு புரோகிராமும் ஒன்றேதான். 'டிங்' மட்டும்தான் வேறு.

அவர் சொல்லித்தான் எனக்கே விளங்கியது. காது மிஷின் பேச்சுக்காகச் செய்யப்பட்டது. நீண்டு நிற்கும் குழலோசையைத் தன்னுடைய விசில் சத்தம் என்று நினைத்து அழிக்கப் பார்க்கும், நடுக்கம் அதனால்தான். மாறாமல் ஒலிக்கும் தம்புரா அதற்குக் காற்றாடி இரைச்சல் மாதிரி, அதையும் அடக்கிவிடும். அந்த இரண்டு வேலையையும் நிறுத்தியோ குறைத்தோ வைப்பதுதான் உண்மையான மியூசிக் புரோகிராம். ஆகவே வாங்குமுன் உங்கள் பாட்டையே கையோடு கொண்டுபோய், மிஷினை மாட்டிக்கொண்டு கேளுங்கள். சில நாள் வீட்டில் வைத்துப் பார்க்கத் தருவார்களா, பிடிக்காவிட்டால் பணம் திரும்புமா என்று எழுத்தில் வாங்குங்கள். என் ரசீதில் மாடல் பெயர்கூட இல்லை, 'செவிக்கருவி 1 செட்' என்று மட்டும் இருக்கிறது.

பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மனு கொடுத்துவிட்டேன். கட்டணம் 5 வெள்ளிதான், வக்கீல் தேவையில்லை. விசாரணைத் தேதி இன்னும் வரவில்லை. அதுவரை அந்தப் பெண் சொன்ன வழிதான்: பெரிய சத்தம் மிஷினுக்குள் நுழையும்போதே கரகரக்காமல் இருக்க, ரேடியோவைக் குறைத்து, மிஷினில் சத்தத்தைக் கூட்டி வைக்கிறேன். தவில் கரகரப்பு அடங்கிவிட்டது. புல்லாங்குழல் மட்டும் இன்னும் நடுங்குகிறது.