ஃபால்சிபாரமும் விவாக்ஸும்: மலேரியாவின் இரு முகங்கள்

ஃபால்சிபாரமும் விவாக்ஸும் மலேரியாவை உண்டாக்கும் இரு ஒட்டுண்ணிகள். ஃபால்சிபாரம் எந்த வயதுச் சிவப்பணுவிலும் புகும். சுமார் 60 'வார்' மரபணுக்களில் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் இயக்கி, சிவப்பணுவின் மேல் நீட்டும் புரதத்தை மாற்றிக்கொண்டே இருக்கும். நம் எதிர்ப்பொருள்களோ பழைய முகத்தையே தேடிக்கொண்டிருக்கும். அதே புரதம் மூளையின் நுண்குழாய்களில் ஒட்டிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து.

விவாக்ஸ் இளம் சிவப்பணுக்களையே நாடும். உள்ளே நுழைய, பெரும்பாலும் சிவப்பணுவின் மேலுள்ள டஃபி புரதம் என்ற கதவு வேண்டும்; மேற்கு ஆப்பிரிக்காவில் பெரும்பாலோருக்கு அந்தக் கதவே இல்லை. சென்னை நெடுங்காலம் பட்ட பாடு பெரும்பாலும் இந்த விவாக்ஸால்தான். கல்லீரலில் உறங்கி, மாதங்கள் கழித்தும் காய்ச்சலாக எழும்.

விவாக்ஸைச் சாதுவானது என்று ஒதுக்கியது பெரும் பிழை என்பேன். ஃபால்சிபாரத்தை 1976 முதல் ஆய்வகத்தில் தொடர்ந்து வளர்க்கிறார்கள். விவாக்ஸ் அப்படி வளர மறுக்கிறது. உறங்கும் விவாக்ஸை ஒழிக்க 14 நாள் பிரைமாகுயின் மருந்து, அதற்கு முன் சிவப்பணுவைக் காக்கும் ஜி6பிடி நொதி போதிய அளவு உள்ளதா என்ற பரிசோதனை.