கொழுப்போடு சேர்ந்த தசை நுண்தமனிக்கு அழுத்த மயோகிராஃப்: ஒரு மதிப்பீடு

தமனியைச் சுற்றியுள்ள கொழுப்பைச் சீவி எறிந்துவிட்டுச் சோதிப்பதே நெடுங்கால வழக்கம். கொழுப்பை விட்டுவைத்தால், தமனியைச் சுருக்கும் ஹார்மோனான நார்அட்ரினலினுக்குத் தமனி குறைவாகவே சுருங்குகிறது என்பதை 1991-இல் எலியின் பெருந்தமனி காட்டியது. தசையின் நுண்தமனிகளில் கேள்வி இன்னும் கூர்மையானது. இன்சுலின் அங்கே விரிக்கும் நைட்ரிக் ஆக்சைடையும் சுருக்கும் எண்டோதீலின்-1ஐயும் ஒருங்கே தூண்டுகிறது. நலமான கொழுப்பு சுரக்கும் அடிப்போனெக்டின் என்ற ஹார்மோன் விரிவின் பக்கம் சாய்க்கிறது. நீரிழிவும் பருமனும் உள்ள சுண்டெலிகளில் இந்தத் துணை அற்றுப்போகிறது.

தமனியின் சுருக்கத்தையும் விரிவையும் பதிவுசெய்யும் கருவி மயோகிராஃப். இதை அளக்கக் கம்பி மயோகிராஃபைவிட அழுத்த மயோகிராஃபே ஏற்றது. கம்பிக் கருவி இழுவிசையைத்தான் சொல்லும். 100 மைக்ரோமீட்டருக்குக் குறைந்த தமனிக்குள் இரண்டு கம்பிகளைச் செலுத்தும்போது உள்சுவர் எளிதில் சிராய்க்கும். அழுத்தக் கருவியில் தமனி இரு கண்ணாடிக் குழல்களுக்கிடையே 37 டிகிரியில், 60 முதல் 80 மி.மீ. பாதரச அழுத்தத்தில், ஏறக்குறைய தன் இயல்பான வடிவத்திலேயே நிற்கும். விட்டத்தை நேரடியாகவே பார்க்கலாம்.

பெருந்தொல்லை, கொழுப்புக்குள் ஒளிந்திருக்கும் கிளைகள். ஒன்றைக் கட்டாமல் விட்டாலும் அழுத்தம் கசியும். அழுத்தம் ஏற்றியதும் குழாயை அடைத்து அழுத்தமானியைப் பாருங்கள்; அளவு இறங்கினால் கிளையைத் தேடிப்பிடித்து 11-0 நைலான் இழையால் கட்ட வேண்டும். கசியும் தமனியின் அளவீட்டை எந்தக் கணக்கிலும் சேர்க்கக் கூடாது.

அடுத்தது கேமரா. கொழுப்புத் துளிகள் ஒளியைச் சிதறடிப்பதால், விளிம்பைத் தேடும் மென்பொருள் தமனிச் சுவரை விட்டுக் கொழுப்பின் ஓரத்தைப் பிடித்துக்கொள்ளும். அளக்கும் இடத்தில் மட்டும் சுத்தம் செய்து மற்ற பகுதியில் கொழுப்பை விட்டுவைக்கலாம். நாங்கள் அதிகம் பரிந்துரைப்பது வேறு வழி: சுத்தமான தமனியை மாட்டி, பிரித்தெடுத்த கொழுப்புத் துண்டைத் தமனி மூழ்கியிருக்கும் கரைசல் தொட்டியில் இடுவது. அப்போதும் விளைவு தெரிந்தால், அது சுரப்பால் வந்ததே தவிர, மேலே போர்த்திய தடையால் அல்ல.

ஆகவே சிறிய தொட்டியுள்ள கருவியாகப் பார்த்து வாங்குங்கள். பெரிய தொட்டியில் சுரப்பு நீர்த்துப்போகும். கரைசலை ஓடவிட்டால் அடித்துச் செல்லப்படும்.

கொழுப்பு மூடிய தமனிக்குள் மருந்து மெதுவாகத்தான் இறங்கும். எண்ணெயில் கரையும் மருந்தைக் கொழுப்பே தேக்கிக்கொள்ளும். இதைக் கொழுப்பின் தளர்த்தும் ஆற்றல் என்று தவறாக எண்ண வாய்ப்புண்டு. கடிகாரத்தைப் பார்க்காமல், விட்டம் நிலைக்கும்வரை காத்திருங்கள். இன்சுலின் (0.02 முதல் 2 நானோமோலார்) கண்ணாடியிலும் பிளாஸ்டிக்கிலும் ஒட்டிக்கொள்வதால் 0.1 சதவீத அல்புமின் புரதம் சேர்ப்பது அவசியம். முடிவில் அசிட்டைல்கோலின் கொடுத்து உள்சுவர் சரியாக இயங்குகிறதா என்பதையும், கால்சியம் இல்லாத கரைசலில் முழு விரிவையும் பதிவுசெய்யுங்கள்.

பெரிய தமனிகள் பலவற்றை ஒரே நேரத்தில் சோதிக்க நான்கு தொட்டிக் கம்பிக் கருவியே இன்றும் வேகமானது. அழுத்தக் கருவியில் ஒரு தமனியை மாட்டி நிலைப்படுத்தவே கைதேர்ந்தவருக்கும் நெடுநேரம் பிடிக்கும்.