"சிப் மாத்தியாச்சு" என்று பில் போட்டார்கள், சிப்பைத் தொடவே இல்லை: பழைய டிஎன்எஸ்-323 வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

டி-லிங்க் டிஎன்எஸ்-323: வீட்டு நெட்வொர்க்கில் கோப்புகளைச் சேமித்துப் பகிரும் நாஸ் பெட்டி. இரண்டு டிஸ்க், 64 எம்பி ரேம், மென்பொருளும் செட்டிங்கும் இருக்கும் 8 எம்பி ஃபிளாஷ் சிப். கம்பெனி கைவிட்டு வருஷக்கணக்காகிறது, ஆனாலும் பல வீடுகளில் மூலையில் உட்கார்ந்து இன்னும் உழைத்துக்கொண்டிருக்கும் பெட்டி. கெட்டுப்போனால் வெளி சர்வீஸ் கடைதான் கதி. அப்படி ஒரு கடைக்குப் போய்த் திரும்பிய பெட்டிக்கு என்ன நடந்தது என்பதைத்தான் எழுதுகிறேன். கடைப் பெயர் வேண்டாம், வேலை நடந்த விதம் தெரிந்தால் போதும்.

போகும்போது இருந்த கோளாறு இதுதான்: பூட் ஆகும், டிஸ்க் தெரியும், ஆனால் அணைத்துப் போட்டால் பாஸ்வேர்டு, யூசர் பட்டியல், ஐபி அமைப்பு எல்லாம் மறந்துபோகும். கடையில் சொன்ன தீர்ப்பு: "ஃபிளாஷ் அவுட் சார், சிப்பை மாத்தணும்." பில் 4,200 ரூபாய். சிப்புக்கு 1,700, புரோகிராமிங்குக்கு 2,500.

திரும்பி வந்த பெட்டி செட்டிங்கை நினைவில் வைத்தது, உண்மை. மூடியைத் திறந்து பார்த்தால் ஃபிளாஷ் சிப்பின் கால்களில் கம்பெனி சாலிடர் அப்படியே இருக்கிறது, மேலே பழைய தூசிப் படலம் கூடக் கலையவில்லை. அடுத்து, பெட்டிக்கு அடியில் ஸ்டிக்கரில் உள்ள மேக் முகவரி (நெட்வொர்க்கில் ஒவ்வொரு கருவிக்கும் உள்ள தனி அடையாள எண்) ஒன்று, நெட்வொர்க்கில் காட்டுவது வேறொன்று. அப்போதே சந்தேகம் உறுதியாகிவிட்டது. ஃபிளாஷில் செட்டிங் இருக்கும் முதல் இரண்டு பகுதிகளைப் படித்து எழுத்துகளை மட்டும் பிரித்துப் பார்த்தபோது, முன்பின் தெரியாத யாரோ ஒருவரின் யூசர் பெயர்கள், பகிர்வு ஃபோல்டர் பெயர்கள், பாஸ்வேர்டு ஹாஷ் (பாஸ்வேர்டின் மறைவடிவம்) எல்லாம் வரிசையாக வந்தன. இன்னொரு வாடிக்கையாளரின் பெட்டியிலிருந்து எடுத்த முழு 8 எம்பி டம்பை, அதாவது ஃபிளாஷின் முழு நகலை, அப்படியே இதில் கொட்டியிருக்கிறார்கள்.

அது ஏன் தேவையே இல்லாத வேலை என்பதற்கு ஃபிளாஷின் அமைப்பைப் பார்க்க வேண்டும். பெட்டிக்குள் ஓடும் லினக்ஸ் இதை ஐந்து பகுதியாகப் பிரித்து எம்டிடி0 முதல் எம்டிடி4 வரை பெயர் வைக்கிறது. எம்டிடி0, எம்டிடி1 இரண்டும் தலா 64 கேபி, மினிக்ஸ் ஃபைல் சிஸ்டம். செட்டிங் எல்லாம் இவற்றில்தான். எம்டிடி2 லினக்ஸின் மையமான கெர்னல், 1,536 கேபி. எம்டிடி3 மற்ற மென்பொருள் இருக்கும் ரூட் ஃபைல் சிஸ்டம், 6,336 கேபி. கடைசியாக எம்டிடி4, கரண்ட் வந்ததும் முதலில் ஓடி கெர்னலை எழுப்பும் யு-பூட், 192 கேபி. கூட்டினால் 8,192 கேபி, ஒரு பைட் மிச்சமில்லை. இந்தப் பிரிவுக்கோடுகள் ஃபிளாஷில் எழுதப்பட்டவை அல்ல, கெர்னலுக்குள்ளேயே இருப்பவை. ஆகவே "பார்ட்டிஷன் டேபிள் போச்சு" என்று இந்தப் பெட்டிக்கு யாராவது சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடலாம்.

பெட்டி பூட் ஆனது என்பதே யு-பூட், கெர்னல், ரூட் மூன்றும் நலம் என்பதற்குச் சாட்சி. கெட்டது முதல் 128 கேபி மட்டும். இந்தப் பெட்டியில் இருப்பது நார் வகை ஃபிளாஷ்; அதில் எழுதுவதற்கு முன் 64 கேபி பிளாக்கை மொத்தமாக அழித்தாக வேண்டும். அழித்ததும் ஒவ்வொரு பைட்டும் 255 ஆகிவிடும். செட்டிங்கைச் சேமிக்கும் அந்த நொடியில் கரண்ட் போனால் பிளாக் காலியாக நின்றுவிடும். சிப்புக்கு ஒரு குறையும் இல்லை.

செய்திருக்க வேண்டியது இவ்வளவுதான். ஃபன்பிளக் தொகுப்பை (பூட் ஆகும்போது பெட்டி தானாக ஓட்டும் ஸ்கிரிப்ட்) டிஸ்கின் முதல் வால்யூமின் மேல்மட்டத்தில் போட்டு மறுபடி பூட் செய்தால் டெல்நெட், அதாவது பெட்டிக்குள் நுழைந்து கட்டளை தட்டும் வழி, கிடைக்கும். ஐந்து பகுதிகளையும் தனித்தனிக் கோப்பாகப் படித்து டிஸ்கில் வைக்க வேண்டும், அதுவும் இரண்டு முறை. இரண்டின் எம்டி5-உம் (கோப்பிலிருந்து கணக்கிடும் கைரேகை போன்ற எண்) ஒத்துப்போனால்தான் அது பேக்கப். அளவும் சரியாக இருக்க வேண்டும்: 65,536, 65,536, 15,72,864, 64,88,064, 1,96,608 பைட். எம்டிடி0, எம்டிடி1-இல் ஒன்றாவது பிழைத்திருந்தால் அதை மவுன்ட் செய்து பாஸ்வேர்டு, யூசர் கோப்புகளை மீட்டுவிடலாம். இரண்டும் வெறும் 255 என்றால் சாதாரண லினக்ஸ் கணினியில் 64 கேபி கோப்பு ஒன்றை உருவாக்கி மினிக்ஸ் ஃபார்மட் செய்யுங்கள். பெட்டியின் ஆர்ம் பிராசசரும் நம் கணினியும் ஒரே பைட் வரிசையைப் பயன்படுத்துவதால் மாற்றம் எதுவும் வேண்டாம். ஐநோடு (ஒவ்வொரு கோப்புக்கும் ஃபோல்டருக்கும் ஒன்று தேவைப்படும் பதிவு) எண்ணிக்கையை மட்டும் 64 என்று நீங்களே கொடுங்கள். விட்டுவிட்டால் 32 தான் கிடைக்கும். பாதி இடம் காலியாக இருக்கும்போதே "இடமில்லை" என்று அடம்பிடிக்கும்.

லினக்ஸில் ஃபிளாஷைத் தொட இரண்டு வழி, எம்டிடிபிளாக், எம்டிடி கேரக்டர். எழுதும்போது எம்டிடிபிளாக் வழியாக எழுதினால் அழிக்கும் வேலையை அதுவே பார்த்துக்கொள்ளும். எம்டிடி கேரக்டர் வழியில் நேரடியாக எழுதினால் முதலில் நீங்கள் அழிக்க வேண்டும். மறந்தால் நார் ஃபிளாஷ் 1-ஐ 0 ஆக்குமே தவிர 0-ஐ 1 ஆக்காது. பழையதும் புதியதும் கலந்த கூழ்தான் மிஞ்சும். சரிபார்ப்பதற்கு நேர்மாறான வழி: பிளாக் வழியில் திரும்பப் படித்தால் ரேமில் தங்கிய நகலையே காட்டி ஏமாற்றலாம். சிங்க் கட்டளை கொடுத்து ரேமில் நிற்பதை ஃபிளாஷுக்கு அனுப்பிவிட்டு, கேரக்டர் வழியில் படித்து எம்டி5 ஒப்பிடுங்கள். கேரக்டர் வழிக்கான டிவைஸ் கோப்பு பெட்டியில் இல்லையென்றால், அதை அடையாளம் காட்டும் இரண்டு எண்களில் மேஜர் 90, மைனர் பகுதி எண்ணின் இரட்டிப்பு என்று உருவாக்கிக்கொள்ளலாம். எம்டிடி4 என்றால் மைனர் 8.

அடுத்தவர் டம்பால் வந்த கேடு மேக் முகவரி. அது எம்டிடி4-இல் 196480-ஆவது பைட்டிலிருந்து 17 எழுத்தாகச் சாதாரண எழுத்துவடிவில் இருக்கிறது, அதாவது ஃபிளாஷின் கடைசி 128 பைட்டின் தொடக்கத்தில். டம்ப் எடுத்து, ஹெக்ஸ் எடிட்டரில் ஸ்டிக்கரில் உள்ளதைத் தட்டி, அந்தக் கோப்பைத் திரும்ப எழுத வேண்டும். இது யு-பூட் பகுதி. எழுதும் நடுவில் கரண்ட் போனால் சீரியல் கேபிளும் உதவாது, ஜேடேக் (போர்டில் நேரடியாக இணைத்து எழுதும் கருவி) அல்லது சிப்பைக் கழற்றி எழுதுவதுதான். யுபிஎஸ் இல்லாமல் தொடாதீர்கள். எம்டி5 ஒத்துப்போகாவிட்டால் பதறி ரீபூட் செய்யாதீர்கள். பெட்டி ஓடிக்கொண்டிருக்கும்வரை மறுபடி எழுத வாய்ப்பு உண்டு.

இந்தப் பெட்டி பூட் ஆனதுகூட அதிர்ஷ்டம்தான். ஏ1, பி1, சி1 என்பவை இதன் போர்டு பதிப்புகள். ஏ1 போர்டில் பிராசசர் மார்வெல் 88எஃப்5181; பி1, சி1 இரண்டிலும் 88எஃப்5182. சி1-இல் ஈதர்நெட் பகுதியும் வேறு. ஏ1-இன் யு-பூட்டை பி1-இல் கொட்டியிருந்தால் அப்போது உண்மையாகவே சிப்பைக் கழற்ற வேண்டி வந்திருக்கும், அதற்கும் ஒரு பில் வந்திருக்கும்.

பூட்டே ஆகாத பெட்டிக்குச் சீரியல் கேபிள் வேண்டும்: 3.3 வோல்ட், வேகம் 115200. கிரவுண்டு, அனுப்பும் கால், வாங்கும் கால் மூன்று மட்டும் போதும்; வோல்ட் கம்பியை இணைக்காதீர்கள். அடாப்டர் 5 வோல்ட்டில் இருந்தால் போர்டு காலி. யு-பூட்டை நிறுத்த ஏதோ ஒரு விசையை அழுத்தினால் கேட்காது, ஸ்பேஸ் அழுத்தி உடனே 1 அழுத்த வேண்டும். சீரியல் வழியே ரூட் பகுதியை ஏற்ற பத்து நிமிடத்துக்கு மேல் ஆகும், கெர்னலுக்கு இரண்டரை நிமிடம். "ரெண்டு நாள் புரோகிராமிங்" என்று எவரும் கணக்குச் சொன்னால் இதை நினைவில் வையுங்கள்.

இன்னொன்று, "டெஸ்ட் பண்ண டிஸ்கையும் குடுங்க" என்று கடையில் விடாமல் கேட்டார்கள். கொடுக்காததால்தான் தரவு தப்பித்தது. அந்நிய செட்டிங்குடன் பூட் ஆன பெட்டி டிஸ்கைப் புதிது என்று நினைத்து ஃபார்மட் பக்கத்தைக் காட்டினால், கடைப் பையன் கைக்கு "நெக்ஸ்ட்" தவிர வேறு பட்டன் தெரியாது. இரண்டு டிஸ்கையும் ஒரே வால்யூமாகக் கோத்து வைக்காதவரை, தரவு டிஸ்கின் இரண்டாவது பார்ட்டிஷனில் லினக்ஸின் சாதாரண ஃபைல் சிஸ்டமான எக்ஸ்ட்2 அல்லது எக்ஸ்ட்3-ஆக இருக்கிறது. லினக்ஸ் கணினியில் செருகினால் பெட்டியே இல்லாமல் படிக்கலாம்.

கேட்டபோது சிப்புக்கான 1,700-ஐத் திருப்பிக் கொடுத்தார்கள். புரோகிராமிங் பணம் வரவில்லை. வேறொருவர் டம்ப் இங்கே வந்ததுபோல இந்தப் பெட்டியின் டம்பும் அந்தக் கடைக் கணினியில் இருக்கும் என்று வைத்துக்கொண்டு, இதில் போட்டிருந்த பாஸ்வேர்டை வேறு எங்கெல்லாம் பயன்படுத்தியிருந்ததோ அங்கெல்லாம் மாற்றியாகிவிட்டது.